பட்டியலில் நான்காவது

அமெரிக்காவில் 'மிஸ்' என்ற பெண்ணியப் பத்திரிகை 1972இல் தொடங்கியது. அந்த ஆண்டே அதில் வெளியான ஜானி டில்மனின் கட்டுரை ஒரு சுய அறிமுகத்தோடு ஆரம்பிக்கிறது. தான் பெண், கறுப்பினத்தவள், ஏழை, குண்டானவள், நடுவயதுக்காரி, அரசு உதவித்தொகையில் குடும்பம் நடத்துபவள் என்று ஆறு விஷயங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார். கெஞ்சலும் இல்லை, சவடாலும் இல்லை. ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் விவரம் நிரப்புவதுபோல ஒரு தொனி. இந்த ஆறில் ஏதாவது ஒன்று ஒருத்தியோடு ஒட்டிக்கொண்டாலே அந்த நாட்டில் அவள் மதிப்புக் குறைகிறது, ஆறும் சேர்ந்துவிட்டால் அவளை ஆளாகவே எண்ணுவதில்லை என்பது அவர் வாதம்.

வறுமையைப் பற்றி எழுதுபவர்கள், பெண்ணியவாதிகள், கறுப்பின அரசியலை ஆராய்பவர்கள் எல்லோருமே அந்தக் கட்டுரையை இன்றுவரை எடுத்தாள்கிறார்கள். பட்டியலில் நான்காவதாக வருவதை மட்டும் நெடுநாள் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிறார் என்று தாண்டிப் போயிருப்பார்கள். அது போகட்டும். குண்டாக இருப்பவர்களுக்கும் மானம் மரியாதை உண்டு என்று சொல்லிப் புறப்பட்ட ஓர் இயக்கம் அதே நாட்டில், அதே ஆண்டுகளில் இருந்தது. அந்த இயக்கம் தன் பிறப்புக் கதையைச் சொல்லும்போதும் டில்மன் பெயர் வழக்கமாக வருவதில்லை.

வழக்கமான கதை இது. 1967 ஜூன் மாதம் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் புல்வெளியில் சுமார் 500 பேர் கூடினார்கள். கூட்டியவர் ஸ்டீவ் போஸ்ட் என்ற வானொலி அறிவிப்பாளர். போருக்கு எதிராகவும் நிறவெறிக்கு எதிராகவும் மாணவர்கள் விதவிதமான உள்ளிருப்புகளை நடத்திக்கொண்டிருந்த காலம். இதற்கு 'ஃபேட்-இன்' என்று பெயர் வைத்தார்கள். உட்கார்ந்து ஆசைதீரச் சாப்பிட்டார்கள். டயட் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். அந்த வருடம் உலகமே தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒல்லிக்குச்சி மாடல் ட்விக்கியின் படத்தையும் நெருப்பில் போட்டார்கள். அதே நவம்பரில் லூ லவுடர்பேக் என்பவர், இன்னும் நிறையப் பேர் குண்டாக இருக்க வேண்டும் என்ற பொருளில் தலைப்பிட்டு 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் எழுதினார். தன் மனைவியை ஊர் நடத்திய விதத்தில் வெந்துபோயிருந்த பில் ஃபேப்ரி என்ற பொறியாளர் அதைப் படித்தார். 1969இல் ஒரு சங்கம் தொடங்கினார். சுருக்கமாக நாஃபா என்பார்கள், இன்றும் இயங்குகிறது.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சென்ட்ரல் பூங்காவில் ட்விக்கி எரிந்து இரண்டு மாதம் கழித்து, 1967 ஆகஸ்டில், வாஷிங்டனில் இன்னொரு கூட்டம் நடந்தது. உதவித்தொகை வாங்கும் ஏழைத் தாய்மார்கள் நாடு முழுவதிலுமிருந்து வந்து தேசிய நல உரிமை அமைப்பைத் தொடங்கினார்கள். தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜானி டில்மன்.

அவர் 1926இல் ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்காட் என்ற ஊரில், வாரத்துக்குப் பயிர்செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பருத்தி பறிக்கப் போனவர். 1959இல் பிள்ளைகளோடு கலிஃபோர்னியாவுக்குப் பெயர்ந்து ஒரு சலவைக்கூடத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார். அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருந்தார். 1963இல் உடம்பு படுத்துவிட்டது. ஆறு பிள்ளைகள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் நிக்கர்சன் கார்டன்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் இருந்தபடி உதவித்தொகைக்கு மனுப்போட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கமும் கட்டிவிட்டார்.

உதவித்தொகை வாங்கும் வீட்டில் அப்போது என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அந்த நான்காவது விவரம் புரியும். வீட்டில் ஆண் வாசனை இருந்தால் பணத்தை நிறுத்தலாம் என்பது பல மாநிலங்களில் விதி. நடுராத்திரியில் அதிகாரிகள் கதவைத் தட்டுவார்கள். கட்டிலுக்கு அடியில் பார்ப்பார்கள், அலமாரியைத் திறந்து ஆண் சட்டை தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஆலபாமாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம்தான் அந்த விதியை உடைத்தது. செனட் குழுவின் விசாரணை அறையில் இந்தத் தாய்மார்கள் எழுந்துபோக மறுத்து உட்கார்ந்தபோது, குழுத் தலைவர் ரஸ்ஸல் லாங் அவர்களைக் குட்டி போடுவதற்கென்று வளர்க்கும் குதிரைகளோடு ஒப்பிட்டார். அந்தப் பெண்களின் இடுப்பும் வயிறும் பொதுச் சொத்தாகப் பேசப்பட்டன. ஏழை என்கிறாள், உடம்பைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்ற ஏளனம் எந்த நாட்டிலும் கேட்கக்கூடியதுதான். அங்கே அது காசோலையை நிறுத்தும் அளவுக்குப் பலம் பெற்றிருந்தது. சோம்பேறி, தின்று கொழுத்தவள், வரிப்பணத்தில் வாழ்கிறவள் என்ற வசவுகளெல்லாம் அவள் உடம்பையே சாட்சிக்கு அழைத்தன. டில்மன் தன் பட்டியலில் குண்டு என்பதைச் சேர்த்தது வேடிக்கைக்காக இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

இந்த இடத்தில் எனக்கே ஒரு தயக்கம். டில்மனைக் குண்டானவர்கள் இயக்கத்தின் தாய் என்று இப்போது பட்டம் கட்டினால் அதுவும் ஒருவகை அபகரிப்பாகிவிடும். உடல் எடைக்காக அவர் கொடி பிடிக்கவில்லை. அவர் கேட்டது வருமானம். ஆணோ பெண்ணோ யாராயினும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாழ்வதற்குப் போதுமான வருமானம். எடையைத் தனியாகப் பிரித்தெடுத்து ஓர் இயக்கம் நடத்தலாம் என்பது அவருக்குத் தோன்றியிருக்கவே வழியில்லை. அப்படிப் பிரித்தெடுக்க முடிந்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

பிரித்தெடுத்தவர்களில் மிகவும் கூர்மையானவர்கள் டில்மன் இருந்த அதே லாஸ் ஏஞ்சலிஸிலேயே இருந்தார்கள். ஜூடி ஃப்ரீஸ்பிரிட், ஆல்டெபரன் என்ற புனைபெயர் கொண்ட சாரா ஃபிஷ்மன் முதலியோர் தொடங்கிய 'ஃபேட் அண்டர்கிரவுண்ட்' குழு. முதலில் நாஃபாவின் உள்ளூர்க் கிளையாக இருந்தார்கள். நாஃபா நடன விருந்துகள் வைத்து, ஜோடி சேர வழிசெய்து, நாகரிகமாக மனுக்கொடுக்கும் சங்கம். இவர்களுடைய தீவிரப் பெண்ணியம் அதற்கு ஒத்துவரவில்லை. பிரிந்து வந்தார்கள். மருத்துவ நூலகங்களில் போய் உட்கார்ந்து ஆய்விதழ்களைப் புரட்டினார்கள். உணவுக் கட்டுப்பாட்டால் இறங்கிய எடை பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப ஏறிவிடுகிறது என்று மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959இலேயே எழுதியிருந்தார். டாக்டர்களுக்குத் தெரிந்த அந்தச் செய்தியை நோயாளிக்குத் தெரியவைத்ததுதான் இந்தப் பெண்களின் சாதனை. பட்டம் இல்லாமல், ஆராய்ச்சி நிதி இல்லாமல் செய்தார்கள். இயக்கத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதுவே.

1974 ஜூலையில் 'மாமாஸ் அண்ட் பாப்பாஸ்' இசைக்குழுவின் பாடகி கேஸ் எலியட் லண்டனில் இறந்தார். வயது 32. சாண்ட்விச் தொண்டையில் அடைத்துச் செத்தாள் என்று ஒரு வதந்தி பரவியது, இன்னும் உலவுகிறது. பிரேதப் பரிசோதனையில் தொண்டையில் ஒன்றுமே இல்லை, மாரடைப்பு. கடுமையான பட்டினிகளால் எடையை இறக்கி ஏற்றி இறக்கியே அவர் வாழ்ந்திருந்தார். அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் பெண்கள் சமத்துவ நாள் கொண்டாட்டம். ஃபேட் அண்டர்கிரவுண்ட் பெண்கள் கையில் மெழுகுவர்த்தியும் தோளில் கறுப்புப் பட்டையுமாகச் சவ ஊர்வலம்போல மேடையேறினார்கள். கேஸைக் கொன்றது மருத்துவ உலகம் என்று அறிவித்தார்கள். கீழே நின்றிருந்த பெண்ணியவாதிகளில் பலருக்கு அதுவரை குண்டு என்பது ஓர் அரசியல் என்றே தெரியாது.

இதே குழு 1973 நவம்பரில் வெளியிட்ட விடுதலை அறிக்கையில் மொத்தம் 7 அம்சங்கள். இனவெறிக்கும் வர்க்க ஒடுக்குமுறைக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் எதிரான போராட்டங்களோடு எங்கள் போராட்டம் கூட்டணி சேர்ந்தது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். காகிதத்தில் கூட்டணி இருந்தது. நாஃபாவைப் போலவே இந்தக் குழுவிலும் பெரும்பான்மை வெள்ளைப் பெண்கள். வாட்ஸ் பகுதிக்கு ஒரு பேருந்து தூரம். அறிக்கையை நேர்மையாகத்தான் எழுதினார்கள் என்று நம்புகிறேன். பிறகு ஏன் அந்தத் தூரம் கடக்கப்படவில்லை?

அவர்கள் கேட்டது ஏற்பு. கறுப்பினப் பெண்ணுக்கு ஏற்பு ஒருவிதத்தில் ஏற்கெனவே கிடைத்திருந்தது, சமையலறையில். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் நான்சி கிரீன் என்ற பெண்மணி, அடிமையாகப் பிறந்தவர், 'ஆன்ட் ஜெமைமா' வேடத்தில் நின்று அப்பம் சுட்டுக் கொடுத்தார். பருத்த, சிரித்த முகமுள்ள, வெள்ளைக் குழந்தைகளை வளர்ப்பதைத் தவிர வேறு ஆசையே இல்லாத கறுப்பின ஆயா. அந்த முகத்தை மாவுப் பொட்டலத்தில் அச்சிட்டு நூறாண்டுக்கு மேல் விற்றார்கள். 2021இல்தான் பெயரை மாற்றினார்கள். ஹாட்டி மெக்டேனியல் 'கான் வித் த விண்ட்' படத்தில் அப்படியொரு ஆயாவாக நடித்து, ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். 1940 பிப்ரவரி 29ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் அம்பாசடர் ஹோட்டல். கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஹோட்டல் அது. தயாரிப்பாளர் சிபாரிசு பிடித்து அனுமதி வாங்கினார். உடன் நடித்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்க, மெக்டேனியலுக்குச் சுவரோரமாகத் தனி மேஜை. அவருடைய பருமனை யாரும் குறை சொல்லவில்லை. அந்த வேடத்துக்கு அது தகுதி. வெள்ளைப் பெண் பருத்தால் அழகுப் பந்தியிலிருந்து எழுப்பப்படுகிறாள். கறுப்பினப் பெண்ணுக்கு அந்தப் பந்தியில் இலையே போடவில்லை; பரிமாறுவதற்கு வேண்டுமானால் வரலாம். என்னை அழகி என்று ஒப்புக்கொள் என்ற கோரிக்கை இரண்டு பேருக்கும் ஒரே கோரிக்கையாக இருக்க முடியாது.

கயானாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் கவிஞர் கிரேஸ் நிக்கல்ஸ் 1984இல் ஒரு குண்டுக் கறுப்பினப் பெண்ணையே நாயகியாக்கி ஒரு தொகுப்பு வெளியிட்டார். அந்த நாயகி யாரிடமும் ஏற்புக் கேட்பதில்லை. இயக்கத்தின் துண்டறிக்கைகள் எட்டாத இடத்துக்கு அந்தக் கவிதைகள் போயிருக்கின்றன.

2019இல் சப்ரினா ஸ்ட்ரிங்ஸ் என்ற சமூகவியலாளரின் நூல் வந்த பிறகு விவாதத்தின் திசையே மாறியது. கறுப்பின உடல் மீதான அச்சத்தில்தான் பருமன் மீதான வெறுப்பு வேர்கொண்டது என்பது அவர் வாதம். அட்லாண்டிக் அடிமை வணிகம் பெருகிய காலத்தில் ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் பெருந்தீனியையும் பருத்த உடலையும் ஆப்பிரிக்கர்களின் இயல்பாக எழுதத் தொடங்கினார்கள். கட்டுப்பாடும் மெலிவும் வெள்ளையரின், குறிப்பாகப் புரொட்டஸ்டன்ட் வெள்ளைப் பெண்ணின், அடையாளமாயின. தென்னாப்பிரிக்கக் கொய்கொய் பெண் சாரா பார்ட்மன் 1810இல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டுக் கட்டணம் வாங்கிக் காட்டப்பட்டார். 1815இல் பாரிஸில் இறந்ததும் விஞ்ஞானி குவியே அவர் உடலை அறுத்து ஆராய்ந்தார். எலும்புக்கூடும் உறுப்புகளும் 20ஆம் நூற்றாண்டிலும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருந்தன. 2002இல்தான் சொந்த மண்ணில் அடக்கம் செய்தார்கள். மருத்துவம் எடையைக் கண்டு பயப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வெறுப்பு தயாராகிவிட்டது என்று காலவரிசையோடு காட்டுகிறார் ஸ்ட்ரிங்ஸ்.

நூலை மதிக்கிறேன், முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. மேற்குலகின் கதைக்கு அது பொருந்தும். உலகத்தில் மெலிவை விரும்பியவர்கள் எல்லோருக்கும் ஒரே காரணத்தைக் கற்பிக்க முடியாது. நம் புலவர்கள் கொடியிடையைப் பாடியதற்கு அட்லாண்டிக் அடிமைக் கப்பல்கள் பொறுப்பில்லை. ஸ்ட்ரிங்ஸைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் அதையே பார்க்கும் சிலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

உடல் நிறை குறியீட்டின் கதையும் இப்படிச் சிக்கலானதே. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோமே, அந்தக் கணக்கு 1830களில் பெல்ஜிய வானியலாளர் கெட்லே போட்டது. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர் அவர்; ஒரு தனி ஆளின் ஆரோக்கியத்தை அளக்க அவர் அதை வகுக்கவில்லை. ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்கர் 1972இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அவர் ஆராய்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் பெண் ஒருத்திகூட இல்லை. 1998இல் அமெரிக்க அரசு 'அதிக எடை'க்கான எல்லையை 25க்கு இறக்கியதும் கோடிக்கணக்கானவர்கள் ஒரு கிராம்கூட ஏறாமல் அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். 2023 ஜூனில் அமெரிக்க மருத்துவச் சங்கமே, இந்தக் குறியீடு முக்கியமாக வெள்ளையரின் தரவுகளை வைத்து எழுந்தது, இன ஒதுக்கலுக்கும் பயன்பட்டது என்று தீர்மானம் போட்டது. செயற்பாட்டாளர்கள் 50 ஆண்டு கத்தியதற்குக் கிடைத்த பதில்.

ஆனால் நம் பக்கத்துக் கதை எதிர்த்திசையில் போகிறது. தெற்காசியர்களுக்கு 25க்குக் கீழேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோயும் வருகின்றன என்பதால், ஆசியர்களுக்கு 23 என்பதையே எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளலாம் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. இந்திய மருத்துவர்களின் 2009 வழிகாட்டுதல் 25ஐத் தொட்டாலே உடற்பருமன் என்றது. அளவுகோல் வெள்ளையருடையது என்று ஒப்புக்கொண்டால், திருத்தும்போது நம்மில் பலர் தப்புவதற்குப் பதிலாக மாட்டிக்கொள்கிறோம். எடைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று பேசும் செயற்பாட்டாளர்களோடு எனக்கு இந்த இடத்தில் உடன்பாடில்லை. டில்மனே 1995இல், 69 வயதில், நீரிழிவால் இறந்தார். அவருக்கு நல்ல உணவும் நல்ல மருத்துவமும் கிடைக்க வேண்டும் என்பதற்கும் அவர் உடம்பை இகழக் கூடாது என்பதற்கும் முரண்பாடு எதுவும் இல்லை.

இகழ்ச்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவரின் சாவு உதாரணம். 2014 ஜூலை 17, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு. சிகரெட்டைச் சில்லறையாக விற்றார் என்ற சந்தேகத்தில் போலீஸ் வளைத்தது. ஓர் அதிகாரி கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கினார். மூச்சுவிட முடியவில்லை என்று கார்னர் 11 முறை சொன்னது படத்தில் பதிவாகியிருக்கிறது. கழுத்தும் மார்பும் அழுத்தப்பட்டதால் நேர்ந்த கொலை என்று பிரேதப் பரிசோதனை அதிகாரி எழுதினார். துணைக் காரணங்களாக ஆஸ்துமா, இதய நோயோடு உடற்பருமனையும் குறித்தார். அந்தத் துணைக் காரணத்தைச் சிலர் உடனே பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு பருமனும் ஆஸ்துமாவும் இதய நோயும் இல்லாதிருந்தால் செத்திருக்க மாட்டார் என்று நாடாளுமன்ற உறுப்பினர் பீட்டர் கிங் தொலைக்காட்சியில் பேசினார். கறுப்பினத்தவர் என்பதால் வளைக்கப்பட்டவர், குண்டு என்பதால் தன் சாவுக்குத் தானே பொறுப்பாக்கப்பட்டார். எழுத்தாளர் டஷான் ஹாரிசன் 2021இல் வெளியிட்ட நூலில் பருமன் வெறுப்பும் கறுப்பின வெறுப்பும் ஒன்றே என்று வாதிடும்போது கார்னர் போன்றோரின் மரணங்களையே முன்வைக்கிறார். அழகு, தன்னம்பிக்கை, கடற்கரைப் படங்கள் என்று போய்க்கொண்டிருந்த 'பாடி பாசிட்டிவ்' பேச்சுக்கு இதில் எந்தப் பதிலும் இல்லை. அந்தப் பேச்சைச் சோப்புக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இயக்கத்துக்குள்ளிருந்தும் குரல்கள் எழுந்தன. 2012 மே மாதம் ஆலிஸ் ரேண்டல் என்ற கறுப்பின எழுத்தாளர், கறுப்பினப் பெண்கள் பலர் விரும்பியே குண்டாக இருக்கிறார்கள், இது மாற வேண்டும் என்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் எழுதினார். வெள்ளைச் செயற்பாட்டாளர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டே 'நோலோஸ்' என்ற இயக்க அமைப்பிலிருந்த வெள்ளையரல்லாதவர்கள் ஒரு பகிரங்க அறிக்கை விட்டார்கள். அது ரேண்டலைவிட அதிகமாக வெள்ளைத் தோழர்களை நோக்கியே பேசியது. தங்கள் அனுபவத்தை எல்லோருடைய அனுபவமாகக் கொண்டு இயக்கம் நடத்துவதைக் கண்டித்தது. வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவந்தார்கள் என்று முணுமுணுப்பவர்கள் எந்த இயக்கத்திலும் இருப்பார்கள். அந்தச் சண்டை நடந்ததால்தான் இயக்கத்துக்கு இன்று கொஞ்சமாவது மானம் இருக்கிறது.

நாஃபாவின் தலைமைக்கு டைக்ரஸ் ஆஸ்போர்ன் என்ற கறுப்பினப் பெண் வந்தார். அவர் முன்நின்ற பிரசாரத்தில் நியூயார்க் நகரம் 2023 மே மாதம் எடை, உயரத்தின் பேரில் வேலையிலும் வீட்டு வாடகையிலும் பொது இடங்களிலும் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. கையெழுத்திட்ட மேயர் எரிக் ஆடம்ஸ், மரக்கறி உணவால் எடை குறைத்ததைப் பற்றிப் புத்தகமே போட்டவர். இளைக்க விரும்புகிறவர் இளைக்கட்டும், இளைக்காதவரை வேலையை விட்டு விரட்டாதே என்று ஒரே ஆள் நினைக்க முடியும் என்பதற்கு அவர் கையெழுத்து அத்தாட்சி. சட்டம் வேலை, வீடு என்று பேசுவதையும் கவனிக்க வேண்டும். அழகைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

சட்டத்தை நம்பி நிம்மதியாக இருந்துவிடலாமா? மிச்சிகன் மாநிலம் 1976இலேயே தன் குடிமை உரிமைச் சட்டத்தில் எடையைச் சேர்த்துவிட்டது. அதே 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராக ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கில் மிசௌரியிலுள்ள ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாக வந்தவர்கள் என்று அவர்களைத்தான் முதலில் வெளியேற்றியது. வெள்ளைப் பெண்களை 1964க்கு முன்பே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், அதனால் பாலினப் பாகுபாடு இல்லை; இனப் பாகுபாடு என்றால் அதற்கென்று நடக்கும் வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றது நீதிமன்றம். பெண் என்று வழக்குப் போடலாம், கறுப்பினத்தவர் என்று போடலாம், இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. மூன்றாவதாகத் தன் எடையையும் சேர்த்துக்கொண்டு ஒருத்தி வழக்குமன்றம் போக நினைத்தால், நியூயார்க் நகரம் சட்டம் போட்ட அந்த 2023இல்கூட, எடை என்று வெளிப்படையாக எழுதிவைத்த மாநிலச் சட்டம் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் மிச்சிகன் ஒன்றில் மட்டுமே இருந்தது.